பரீட்சை அறையின் மூலைக் கதிரை

தம்பி,

அம்மா எழுதுகிறேன். வாயால் சொல்ல வந்தால் நீ எழும்பிக் குசினிக்குப் போய்க் கோப்பை கழுவத் தொடங்குகிறாய். கலியாணம் கட்டும்வரை ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவிக் கவிழ்த்தறியாத பிள்ளைக்கு, இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் எங்கிருந்துதான் அந்தப் பொறுப்பு வருகிறதோ தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் லண்டன் மிச்சாமில் இருக்கிற நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் இனி அந்தச் சார்ஜன்ட் பரீட்சைக்குப் போகமாட்டன். ஷாமினியின்ரை அண்ணையோட வேலைக்குப் போறன். இதைப் பற்றி ஒருத்தரும் இனிக் கதைக்க வேண்டாம்" என்று சொன்னாய். உன் அப்பா தலையாட்டினார். உன் மனைவி ஷாமினி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பருப்புச் சட்டியைத் தூக்கி வந்து வைத்தேன். கதைக்க வேண்டாம் என்றுதானே சொன்னாய், அதனால் எழுதுகிறேன். இதை வாசித்து முடிக்கும்வரை கோப்பைப் பக்கம் போகாதே.

முதலில் என் ஆத்திரத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கு மேலாக நீ பொலிஸில் பதில் சார்ஜன்டாக வேலை செய்கிறாய். நிரந்தரம் இல்லை என்பதைத் தவிர அந்த வேலையில் எந்தக் குறையும் இல்லை. உனக்குக் கீழே ஒரு குழு இருக்கிறது. கத்திக்குத்துப் பட்ட பிள்ளையின் தாய் வீட்டுக் கதவைத் தட்டுவது நீ. உன் ஆட்கள் எழுதிய அறிக்கையில் பிழை இருந்தால் கோர்ட்டுக்குப் போகுமுன் பிடிப்பது நீ. ஆள் குறைந்தால் யாருடைய லீவை மறிப்பது, முகம் சரியில்லாத யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று எல்லாம் உன் தலையில்தான். நீ இதை நன்றாகச் செய்கிறாய் என்று உன் மேலதிகாரியே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அதே வேலையை நிரந்தரமாகத் தருவதென்றால், அதைச் செய்வதுபோல ஒரு அறைக்குள் நடித்துக் காட்ட வேண்டுமாம். ரோல்-பிளே என்று அதற்குப் பெயர். ஒரு நடிகரைச் சம்பளத்துக்குப் பிடித்துக் கான்ஸ்டபிளாக இருத்தி வைத்திருப்பார்கள். கதவுக்கு வெளியே உன் கையில் ஒரு தாளைத் தருவார்கள். இவர் இன்ன பிழை விட்டிருக்கிறார், நீ இவருடைய சார்ஜன்ட், உள்ளே போய்க் கதை என்று அதில் இருக்கும். மூலையில் ஒரு கதிரையில் பரீட்சகர் இருப்பார். அவர் சிரிக்கமாட்டார், தலையாட்டமாட்டார், நீ வணக்கம் சொன்னாலும் திருப்பிச் சொல்லமாட்டார். அவர் அங்கே இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டு நீ கதைக்க வேண்டும். மணி அடித்தவுடன், அழுதுகொண்டிருந்த நடிகர் கண்ணைத் துடைத்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்து வருபவருக்கு அதே அழுகையை முதலில் இருந்து தொடங்குவார். இதை நீ முதன்முதலில் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. உண்மையான வேலையில் பாஸ், பொய் வேலையில் பெயில் என்றால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது.

அதற்குமேல் நம் சனம். நீ பொலிஸில் சேர்ந்த புதிதில் நம் வீட்டுக்கு வந்த போன்களில் பாதி, பார்க்கிங் டிக்கெட்டை இல்லாமல் ஆக்க ஏலுமோ என்று கேட்டு வந்தவை. ஏலாது என்று நீ சொன்ன பிறகு அந்தப் போன்கள் நின்றன, வேறு கேள்விகள் தொடங்கின. போன மாதம் லூயிஷாம் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கிறேன். நம் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மனிசி ஒருத்தி, "உங்கட மகன் இன்னும் கான்ஸ்டபிள்தானோ? எங்கட மருமகன் மனேஜராகிட்டார்" என்றாள். அவளுடைய மருமகன் எதற்கு மனேஜர் என்று நான் கேட்கவில்லை. "அவர் சார்ஜன்ட் வேலைதான் செய்யிறார்" என்றேன். "செய்யிறார் எண்டா? இன்னும் குடுக்கேல்லையோ?" என்று வரிசை முழுக்கக் கேட்கக் கேட்டாள். முன்னுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள், பின்னுக்கு நின்றவர்கள் எட்டினார்கள். எனக்கு வாயில் நல்ல பதில் ஒன்று வந்தது. சாமி சன்னிதானம் என்று விழுங்கிவிட்டேன். அந்த மனிசிக்கு அதிர்ஷ்டம்.

முதல் முறை நீ தவறியபோது நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வேலைக்குப் பிந்தி வருகிற கான்ஸ்டபிள் ஒருவரோடு நீ கதைக்க வேண்டும், அவ்வளவுதான். என்ன நடக்கிறது என்று பொறுமையாகக் கேட்டாய், புள்ளி தந்தார்கள். உதவி செய்கிறேன் என்றாய், அதற்கும் தந்தார்கள். ஆனால் பிழையான நடத்தையை நேரடியாகச் சுட்டிக்காட்டவில்லை என்று முடிவில் எழுதியிருந்தார்கள். 'இது பிழை, இனி நடக்கக்கூடாது' என்ற ஒரு வசனம்தான் குறை. அதைச் சொல்லிப் பழகினால் போயிற்று என்று நான் நினைத்தேன். அடுத்த சுற்றுக்கு முன் நம் வீட்டு முன் அறையில் பழக்கம் தொடங்கினோம். நான் பிந்தி வருகிற கான்ஸ்டபிள். உன் அப்பா சன்னல் பக்கக் கதிரையில் பரீட்சகர். வாயைத் திறக்கக்கூடாது என்பதுதான் அவருக்கு நாங்கள் கொடுத்த ஒரே கட்டளை. கலியாணம் கட்டின நாளில் இருந்து அவர் பழகி வைத்திருக்கிற வேலை.

நீ ஆங்கிலத்தில் கேட்டாய், நான் எனக்கு வந்த பாஷையில் பதில் சொன்னேன். ஏன் தொடர்ந்து பிந்துகிறீர்கள் என்றாய். "ட்ராம் வரேல்லை சேர்" என்றேன். வீட்டில் ஏதும் கஷ்டமா என்றாய். "கஷ்டம் ஆருக்குத்தான் இல்லை" என்றேன். நீ சிரித்துவிட்டாய், திரும்பத் தொடங்கினோம். பிறகு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, செய்ததற்கு ஒரு துளி வருத்தமும் இல்லாத கான்ஸ்டபிளாக உட்கார்ந்தேன். நீ கண்டிக்க வேண்டிய இடம் வந்தது. வாயைத் திறந்தாய். ஒருதரம் திரும்பி அப்பாவைப் பார்த்தாய். பார்த்துவிட்டு என்னிடம், இதைப் பற்றி நாங்கள் பிறகு தனியாகக் கதைப்போம் என்றாய்.

"பிறகு எண்டு ஒண்டு இல்லையடா. மணி அடிச்சிடும்" என்று நான் கத்தினேன்.

"தெரியும் அம்மா. ஆனா அவர் அதில இருக்கிறார்."

"அவர் இல்லை எண்டு நினை. அது ஒரு அலுமாரி எண்டு நினை."

"இருக்கிற மனிசரை இல்லை எண்டு எப்பிடி நினைக்கிறது? அவருக்கு முன்னால வைச்சு நான் உங்களை ஏசுறதோ?"

உன் அப்பா அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்ததை நான் கண்டேன். அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

நீ சின்னவனாக இருந்தபோது நாங்கள் ஒரு கடைக்கு மேலே பிளாட்டில் இருந்தோம். நாங்கள் மூன்று பேர், உன் சித்தப்பா, அவருடைய கூட்டாளிகள். எந்த அறைக் கதவைத் திறந்தாலும் யாரோ ஒருவர் ஷிப்ட் முடிந்து வந்து போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். பிள்ளையைக் கண்டிக்க அந்த வீட்டில் இடமே இல்லை. ஒருவனை இன்னொருவருக்கு முன்னால் ஏசினால் பிழை திருந்தாது, மானம்தான் போகும் என்பது உன் அப்பாவின் கொள்கை. அதனால் அவர் உன்னைக் காருக்குள் கொண்டுபோய்க் கண்டித்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நீ ட்ராம் ஏறிக் குரோய்டனில் சுற்றித் திரிந்தது பிடிபட்ட நாளும் அப்படித்தான். அவர் வந்தார், சாப்பிட்டார், சித்தப்பாவோடு கிரிக்கெட் கதைத்தார். கையைக் கழுவிவிட்டு, "வா, காருக்குப் போவம்" என்றார். நீ முகம் வெளிறிச் சப்பாத்தைப் போட்டாய். நான் சன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். றோட்டோரம் நிறுத்திய காருக்குள் நீங்கள் இரண்டு பேரும் முன்னுக்குப் பார்த்தபடி இருந்தீர்கள். எஞ்சின் ஓடவில்லை, ஆனாலும் அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது உன் கையில் சிப்ஸ் பொட்டலம் இருந்தது. உள்ளே என்ன கதைத்தீர்கள் என்று இன்றுவரை இரண்டு பேரும் எனக்குச் சொன்னதில்லை. என்னோடு சண்டை பிடிப்பதென்றாலும் அவர் காருக்குள்தான் பிடித்தார். அந்தக் காரை விற்றபோது, எங்கள் குடும்பத்துச் சண்டை முழுவதையும் இந்த மனிசன் ஓட்டிக்கொண்டு போகிறானே என்று வாங்கினவனைப் பார்த்து நினைத்தேன்.

அப்பாவின் அந்தப் பழக்கத்தை நீ வேலைக்கும் கொண்டுபோய்விட்டாய். உன் மகளின் பிறந்தநாளைக் கொண்டாடிய ஹோலுக்கு வந்த உன் கான்ஸ்டபிள் மார்க், மீன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே எனக்கு இதைச் சொன்னான். உங்கள் மகன் எங்களை ஒருநாளும் மற்றவர்களுக்கு முன்னால் ஏசமாட்டார், வா ஒரு சுற்றுப் போய் வருவோம் என்று பொலிஸ் காரில் ஏற்றுவார், அவர் அப்படிக் கூப்பிட்டாலே ஏதோ பிழை விட்டிருக்கிறோம் என்று எங்களுக்கு விளங்கிவிடும் என்றான். திரும்பி வரும்போது தேத்தண்ணி வாங்கித் தருவாராம். அவருக்காக எந்த ஷிப்டும் செய்வேன் என்றான். நான் அன்று அவனுக்கு ரோல்ஸை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். காணும் சனம் எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். வளர்ப்பு என்றால் இதுதான் என்று எனக்கு அவ்வளவு கர்வம்.

இரண்டாம் முறை நடந்ததை நீயே எங்களுக்கு நடித்துக் காட்டினாய். முடிந்த சுற்று, கேள்வியை மாற்றிவிடுவார்கள், இனிச் சொன்னால் குற்றமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினாய். இந்த முறை நடிகர், குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் கதைப்பதைப்போலக் கதைத்துக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைக்கிற கான்ஸ்டபிள். நீ அவரிடம் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாய். கண்டிக்க வேண்டிய இடம் வந்தது. மூலையில் தலை நரைத்த மனிசி ஒருவர் மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். உனக்கு வாய் வரவில்லை. எழும்பினாய். வாருங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம் என்று நடிகரிடம் சொல்லிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாய். நடிகருக்கு இதற்கு வசனம் கொடுத்திருக்கவில்லை. அவர் பாதி எழும்பினார், உன்னைப் பார்த்தார், பரீட்சகரைப் பார்த்தார், இருந்தார், திரும்பவும் எழும்பினார். ஒரு சொல்லும் பேசக்கூடாத அந்த மனிசி கடைசியில், தயவுசெய்து அறைக்குள்ளேயே இருங்கள் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. நீ இதை எங்கள் சாப்பாட்டு மேசையில் எழும்பி நின்று காட்டியபோது ஷாமினிக்குச் சிரித்துப் புரையேறியது. அவளுடைய அண்ணன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இந்த முறையும் முடிவில் பழைய வசனத்தையே எழுதியிருந்தார்கள்.

இப்போது உன் பதில் வேலை முடியப்போகிறது. நீ கைபிடித்து வேலை பழக்கிய ஒருத்தி அந்தப் பரீட்சையில் பாஸாகி உன் குழுவுக்கே சார்ஜன்டாக வருகிறாள். நீ அவளுக்குக் கீழே திரும்பவும் கான்ஸ்டபிளாக நிற்க வேண்டும். அதற்கு மனம் வராமல்தான், இல்ஃபோர்டில் ஷாமினியின் அண்ணன் வைத்திருக்கிற வீடு வாடகைக்கு விடும் ஒஃபிஸுக்குப் போகிறேன் என்கிறாய். நீ அதை விளங்கச் சொல்லவில்லை என்றாலும் எனக்கு விளங்கும். நான் உன்னைப் பெற்றவள்.

இவ்வளவு நாளும் நான் உன் பக்கம். பரீட்சை பிழை, பிள்ளை சரி. யார் கேட்டாலும் அதைத்தான் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன பிறகு மேசையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கோபத்தோடேயே அந்தப் பரீட்சையைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டினேன். நடிகர், திறந்த கதவு, மூலையில் மனிசி. அப்போதுதான் எங்கள் சிரிப்புக்குள் காணாமல் போன ஒரு ஆள் எனக்கு ஞாபகத்துக்கு வந்தாள். குழுவுக்குப் புதிதாக வந்த அந்தப் பெண். அவளுக்கென்று ஒரு நடிகை இல்லை, கதிரை இல்லை, தாளில் ஒரு வரி மட்டும்தான். அவள் கதைப்பதைக் கதைத்துக் காட்டி எல்லாரும் சிரித்தார்கள் என்ற வரி. நீயும் அவளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கையில் துணியோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அப்பா வந்து, "என்ன, தலை சுத்துதோ?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன். ஒன்றுமில்லாமல் இல்லை, தம்பி. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும்.

உனக்கு நான் சொல்லாத கதை இது. உன் அப்பாவும் இதை இப்போதுதான் அறியப்போகிறார். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் நான் சாண்ட்விச் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். கம்பனி வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள், அதே வேனில் கொண்டுவந்து விடுவார்கள். ஓடுகிற பெல்ட்டில் பாண் துண்டு வரும், நான் வெள்ளரிக்காய் வைக்க வேண்டும், எனக்கு அடுத்தவர் மேல் துண்டை வைத்து மூடுவார். எனக்கு அப்போது ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். விளங்காததைத் தலையாட்டிச் சமாளிப்பேன். எங்கள் சூப்பர்வைசர் அதைப் பிடித்துக்கொண்டான். ஒரு நாள் இடைவேளை அறையில் வலைத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, என்னைப்போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்து, என்னைப்போலத் தலையை ஆட்டி ஆட்டி, "யெஸ், யெஸ், தாங்க் யூ" என்று செய்து காட்டினான். நன்றாக நடித்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். அறை முழுக்கச் சிரித்தது. நம் ஆட்களும் சிரித்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து நானே சிரித்ததைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

யாரோ போய் மனேஜரிடம் சொல்லிவிட்டார்கள். அந்த மனிசி நல்லவர். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கதிரையில் இருத்தி, அவனோடு கடுமையாகக் கதைத்துவிட்டேன், இனி இப்படி நடக்காது என்றார். அவனும் உள்ளே வந்து நின்று மன்னிப்புக் கேட்டான். மனம் வருந்தித்தான் கேட்டான், கண்கூடக் கலங்கியது. நானும் பரவாயில்லை என்றேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தோம். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. நான் எதற்காக உள்ளே போனேன் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. அவன் ஏச்சு வாங்கியதும் தெரியாது. நான்தான் ஏதோ பிழை விட்டு ஏச்சு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று நினைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் ஒருநாளும் அப்படிச் செய்யவில்லை. மற்றவர்கள் செய்தார்கள். நான் பெல்ட்டடிக்கு வந்தால் யாராவது ஒருவர் தலையை ஆட்டுவார், பக்கத்தில் நிற்பவர் குனிந்து சிரிப்பார். அவன் திருந்திவிட்டான், என் நிலைமை திருந்தவில்லை. கொஞ்ச நாளில் முதுகு நோகிறது என்று சொல்லி வேலையை விட்டேன். உன் அப்பா எனக்கு எண்ணெய் வாங்கி வந்து தந்தார். முதுகுக்கு ஒன்றும் இல்லை.

அந்த மனேஜர் செய்ததைத்தான் உன் அப்பா செய்தார், நீயும் செய்கிறாய். மூன்று பேருக்கும் நல்ல மனம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எனக்கு நடந்த அவமானம் எல்லாருக்கும் முன்னால் நடந்தது, நியாயம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. பிழை விட்டவனின் மானத்தை எல்லாரும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள், என்னுடையது பெல்ட்டடியில் கிடந்தது. நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகாதது உன் ஒருவனுடைய பிழை, அதற்குக் கார் போதும். மார்க் பிந்தி வந்தால் அதற்கும் கார் போதும். ஒருத்தியை எல்லாருக்கும் முன்னால் சிரிப்புக்கு ஆளாக்கியவனுக்குக் கார் போதாது. நீ அவனைத் திருப்பி அவமானப்படுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கத்தவும் வேண்டாம். நீ செய்தது பிழை என்று, அவளுக்கும் கேட்கக்கூடியதாக, ஒருதரம் சொன்னால் போதும். அந்த மனேஜர் அன்று பெல்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் நான் அந்த வேலையை விட்டிருக்கமாட்டேன்.

இதனால் இப்போது எனக்கு யார் மேல் ஆத்திரப்படுவது என்றே தெரியவில்லை. அந்தப் பரீட்சை ஒரு கூத்து என்று நான் இப்போதும் சொல்வேன். ஒரு வருடத்துக்கு மேலாகப் பார்த்த வேலையை ஒரு நடிகருக்கு முன்னால் சில நிமிடத்தில் நிறுப்பது என்ன நியாயம். ஆனால் அந்தக் கூத்து இரண்டாம் முறை உன்னிடம் கேட்டது ஒரு சரியான கேள்வி. இதை ஒப்புக்கொள்ள எனக்கே பிடிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் குழுவிலும் அப்படி ஒரு புதுப் பெண் இருந்திருப்பாள். நீ காருக்குள் வைத்து யாரையோ கண்டித்தது அவளுக்குத் தெரியுமா? அவளிடம் போய்ச் சொன்னாயா? அவளும் முதுகு நோகிறது என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாளா? இல்ஃபோர்ட் வேலையைக் கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஷாமினியின் அண்ணன் நல்ல பிள்ளை, நாலு காசு பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிற்கிறான். உனக்கு வீடு காட்டி வாடகை பேசுவதில் விருப்பம் இருந்தால் நாளைக்கே போ, நான் பால் காய்ச்சித் தருகிறேன். உனக்கு அதில் ஒரு மண்ணாங்கட்டி விருப்பமும் இல்லை. ஒரு வசனத்தைச் சொல்லக் கூசிக்கொண்டு, நீ நேசிக்கிற வேலையை விட்டுப் போகிறாய். நான் ஒரு வேலையை வாய் திறக்காமல் விட்டேன், அதுவே இந்த வீட்டுக்குப் போதும்.

இதை எழுதி மடித்து உன் கையில் தரத்தான் முதலில் நினைத்தேன். அப்படித் தந்தால் நானும் உன்னைக் காருக்குள் கொண்டுபோய் இருத்தியதாகத்தான் இருக்கும். அதனால் நம் குடும்ப வாட்ஸப் குறூப்பில் போடுகிறேன். அதில் உன் சித்தப்பா இருக்கிறார், டொரோண்டோவில் உன் மச்சான்மார் இருக்கிறார்கள், ஷாமினியின் அண்ணன் இருக்கிறான், கோயிலில் என்னைக் கேள்வி கேட்ட மனிசியின் தங்கைகூட எப்படியோ அதற்குள் வந்து சேர்ந்திருக்கிறாள். அவள் போய் அக்காவுக்கு வாசித்துக் காட்டட்டும். உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன்னைப் பற்றிச் சனம் கேட்டதும் நாங்கள் சிரித்ததும் எல்லாருக்கும் முன்னால்தானே, நான் சொல்வதும் எல்லாருக்கும் முன்னால் இருக்கட்டும். என் மகன் ஒரு வருடத்துக்கு மேலாகச் சார்ஜன்ட் வேலையைச் செய்கிறான். அவன் தவறியது ஒரு வசனத்தில். அவன் கதவைத் திறந்துகொண்டு நின்ற கதைக்கு மேசையில் இருந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, சிரித்தது பிழை. அவன் அன்று எங்களுக்கு நடித்துக் காட்டிவிட்டு இருந்தபோது அவன் முகம் சிரிக்கவில்லை. நான் அதைக் கண்டேன், கண்டும் சிரித்தேன்.

விண்ணப்பம் இந்த மாதக் கடைசியோடு மூடுகிறது என்று ஷாமினி சொன்னாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். போடு தம்பி. திரும்பவும் தவறினாலும் போடு. தவறினால் நீ பழக்கியவளுக்குக் கீழே நின்று வேலை செய், அதில் ஒரு குறைவும் இல்லை, அவள் உன்னிடம் பழகியவள்தானே. அந்த அறைக்குள் போனதும், மூலையில் இருப்பவரை அலுமாரி என்று நினை என்று நான் அன்று சொன்னதை மறந்துவிடு. நீ சொன்னதுதான் சரி, அங்கே ஒரு மனிசர் இருக்கிறார். ஆனால் அவர் புள்ளி போட வந்தவர் என்று நினைத்துக் கூசாதே. அந்தக் கதிரையில் இருப்பது நான் என்று நினை. யாராவது அதைச் சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று நினை. எனக்குக் காது முன்னைப்போல இல்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லு.